பிள்ளை முதலாண்டில் சேர்ந்தாயிற்று. பெற்றோருக்கு இனி என்ன வேலை?

கவுன்சலிங் முடிந்து சேர்க்கை ஆணை கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பிளஸ் டூ, கட்-ஆஃப், விருப்பப் பட்டியல் என்று ஓராண்டாக ஓடிய ஓட்டம் ஓய்ந்தது, இனிமேல் கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. உண்மையில் பெற்றோரின் துணை அதிகம் தேவைப்படுவது அடுத்த ஆறு மாதங்களில்தான். ஆனால் பள்ளிக்கூட நாட்களில் கொடுத்த அதே துணை இங்கே செல்லாது.

தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பு ஆலோசகராக இருக்கிறேன். தமிழ்நாட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, அதிலும் அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக, இதை எழுதுகிறேன். கலை அறிவியல் கல்லூரியில் சேருபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: வேலையைப் பிள்ளை செய்ய வேண்டும், என்ன வேலை, எதற்குள் முடிக்க வேண்டும் என்ற விவரம் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. சேர்க்கை நாளில் கட்டணக் கவுன்ட்டர் வரிசையில் நிற்பவர் அப்பா. படிவம் நிரப்புபவர் அப்பா. பையன் பின்னால் சுவரில் சாய்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். 'விண்ணப்ப எண் என்ன?' என்று எழுத்தர் கேட்டால் அப்பா திரும்பிப் பையனைப் பார்ப்பார், பையன் அம்மாவைப் பார்ப்பான், அம்மா கைப்பையைத் துழாவுவார். அவனை முன்னே நிறுத்துங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். தப்பாக எழுதினால் இன்னொரு படிவம் கேட்டு வாங்கித் திரும்ப எழுதட்டும்.

சேர்வதற்கு முந்தைய வாரம்

ஒரு ஃபைல் வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்து, அதை அடுக்கும் பொறுப்பையும் அவர்களிடமே விடுங்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நகல், கொஞ்சம் புகைப்படங்கள். மாற்றுச் சான்றிதழ் வழக்கமாகக் கல்லூரியிலேயே இருக்கும். மற்ற அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. ஏதோ காரணத்துக்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

சலுகைகளுக்கு வருவோம். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்கு, அதாவது தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று குடும்பத்தில் யாரும் பட்டம் பெற்றிராத பிள்ளைக்கு, கல்விக் கட்டணச் சலுகை உண்டு. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அக்காள் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடைக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. விவரம் தெரியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதீர்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், பையனுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். முன்னது 2022-இலும் பின்னது 2024-இலும் தொடங்கியவை. பணம் பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும்; அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்து, பிறகு யாரும் தொடாமல் முடங்கிப்போன கணக்காக இருந்தால், கல்லூரி திறப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய் உயிர்ப்பித்துவிடுங்கள். பள்ளியில் இருந்த எமிஸ் எண்ணையும், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணையும், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் அதே போல யூமிஸ் என்ற உயர்கல்விப் பதிவு எண்ணை உருவாக்கும்போது அதைக் கேட்பார்கள், உதவித்தொகைகள் யூமிஸ் வழியாகத்தான் நகரும். இந்தக் கணக்கின் ஏ.டி.எம். அட்டை பிள்ளையிடம் இருக்கட்டும். மாதம் ஆயிரம் ரூபாயை வரவு செலவு பார்க்கத் தெரியாதவனுக்குப் பிறகு மொத்தமாகச் சம்பளம் கிடைத்து என்ன பயன்?

வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை என்பதை மனத்தில் வையுங்கள். பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அன்று பிள்ளையையும் உட்கார வைத்து, படிப்பு முடிந்து எத்தனை மாதத்தில் தவணை தொடங்கும், வட்டி எப்போதிலிருந்து ஏறும் என்பதை மேலாளரிடம் அவர்களே கேட்கட்டும்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்

படிவத்தைப் பிள்ளை நிரப்பட்டும் என்றேன். 'பெற்றோர் கைபேசி எண்' என்ற கட்டத்தை மட்டும் நீங்கள் எட்டிப் பாருங்கள். வகுப்புக்கு வராத நாளில் குறுஞ்செய்தி போவது அந்த எண்ணுக்குத்தான். சில பையன்கள் அங்கே நண்பனின் எண்ணை எழுதிவிடுவார்கள். அப்பா குரலில் பேசத் தெரிந்த நண்பன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருப்பான்.

அப்பாவின் எண்ணோடு அம்மாவின் எண்ணையும் கட்டாயம் கொடுங்கள். லாரி ஓட்டும் அப்பாவுக்கோ கட்டட வேலையில் நிற்கும் அப்பாவுக்கோ காலை பதினோரு மணிக்கு ஃபோன் எடுக்க முடியாது. அது மட்டுமல்ல, பெண்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் நாங்கள் முதலில் பேச நினைப்பது அம்மாவிடம். பல பதிவேடுகளில் அம்மாவின் எண் இருப்பதே இல்லை.

பெற்றோர் கூட்டம்

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, முதலாண்டுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை 2017 முதல் வலியுறுத்திவருகிறது. அதன் முதல் நாளில் பெற்றோரையும் அழைப்பார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர், வேலைவாய்ப்புப் பட்டியல் என்று பாதி நாள் போய்விடும். பெற்றோரின் கேள்விக்கு என்று கடைசியில் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள், அதையும் சாப்பாட்டு மணி விழுங்கிவிடும். எங்கள் தரப்பில் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் இது; மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

மேடையில் சொல்வதைவிட வெளியே தெரிந்துகொள்ள வேண்டியதுதான் முக்கியம். வகுப்பு ஆலோசகர் யார், அவர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் ஃபோன் எடுப்பார்? ஏறக்குறைய இருபது மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில் 'மென்டர்' என்று ஓர் ஆசிரியரைப் போடுவார்கள், உங்கள் பிள்ளைக்கு யார்? விடுதி என்றால் காப்பாளர் யார்? இரவு பதினொன்றுக்குக் காய்ச்சல் அடித்தால் எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார்கள், யார் கூடப் போவார்? இதை விசாரித்துவிட்டு, மெஸ்ஸில் ஒரு வேளை நீங்களும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று உண்டு. அம்மா அப்பா இருவரும் வராமல், 'படித்தவர்' என்று மாமாவையோ சித்தப்பாவையோ அனுப்பிவைப்பார்கள். ஆங்கிலத்தில் பேசுவார்களோ, தப்பாக ஏதாவது கேட்டுவிடுவோமோ என்ற கூச்சம். வருகிற மாமா நன்றாகத்தான் பேசுவார், ஆனால் அந்தப் பையன் இரவு எத்தனை மணிக்குத் தூங்குவான், கோபம் வந்தால் சாப்பிடாமல் இருப்பானா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு வேண்டியது அந்த விவரம்தான். நீங்களே வாருங்கள். ஆசிரியர் தமிழில்தான் பேசுவார். கையெழுத்தும் தமிழில் போடலாம்.

முதல் மாத ஃபோன்கள்

விடுதியில் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அன்று இரவே கண்ணீரோடு ஃபோன் வரலாம். 'இங்கே பிடிக்கவில்லை, வந்துவிடட்டுமா?' உடனே பஸ் ஏறிப் போய்க் கூட்டிவருகிறவர்கள் இருக்கிறார்கள். 'இவ்வளவு செலவு செய்து சேர்த்திருக்கிறோம், பல்லைக் கடித்துக்கொண்டு இரு' என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே அடுத்த ஃபோனைக் கெடுத்துவிடும். முதலாமவர் வீட்டுப் பிள்ளை ஒவ்வொரு சிரமத்துக்கும் அழைக்கும். இரண்டாமவர் வீட்டுப் பிள்ளை உண்மையான சிரமத்துக்குக்கூட அழைக்காது.

கேட்டுக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் முதல் இரண்டு மூன்று வாரம் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வரப்போகும் முதல் சனிக்கிழமையைச் சேரும்போதே நாள்காட்டியில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்; மூன்றாவது அல்லது நான்காவது வாரமாக இருக்கட்டும். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தெரிந்த பிள்ளை அதுவரை தாக்குப்பிடிக்கும்.

ஃபோனில் என்ன கேட்பது என்பதும் ஒரு கலை. 'சாப்பிட்டாயா?' 'சாப்பிட்டேன்.' 'படிக்கிறாயா?' 'படிக்கிறேன்.' 'சரி, வைக்கிறேன்.' முக்கால்வாசி உரையாடல் இப்படித்தான் முடிகிறது. 'ஆமாம்' என்று சொல்லித் தப்பிக்க முடியாத கேள்விகளைக் கேளுங்கள். இன்று முதல் பீரியட் யார் எடுத்தார்? மெஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? அறையில் இருக்கும் பையனுக்கு எந்த ஊர், அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்? விசாரணையாக இல்லாமல் ஊர்க்கதை பேசுவது போலக் கேட்டால் தானாக வரும். மூன்று வாரம் கழிந்தும் ஒரு நண்பனின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், மதிப்பெண்ணைவிட அது கவனிக்க வேண்டிய செய்தி.

தினமும் ஒரு நேரம் போதும். பெண்பிள்ளைகளின் பெற்றோர் மணிக்கொரு தடவை வீடியோ காலில் 'எங்கே இருக்கிறாய், காட்டு' என்று கேட்பதை நான் வகுப்பறை வாசலிலேயே பார்க்கிறேன். பாதுகாப்புக்காக என்பார்கள். அந்தப் பெண்ணுக்கு நிஜமாக ஏதாவது நடந்தால் முதலில் வீட்டுக்குத்தான் மறைப்பாள்.

வீட்டிலிருந்து வந்து போகும் பிள்ளைக்கு வேறு தொல்லை. கல்லூரிப் பஸ் காலை ஆறரைக்கு வருகிறது, மாலை ஆறரைக்கு இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கடையில் உட்காரவோ, பெண்ணென்றால் அடுப்படியில் நிற்கவோ சொன்னால், ஆய்வகக் குறிப்பேடு எழுதுவது நள்ளிரவில்தான். முதல் செமஸ்டருக்காவது வீட்டு வேலையிலிருந்து கொஞ்சம் விடுவியுங்கள்.

வருகைப்பதிவுக் கணக்கு

இதைப் பெற்றோர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வருகைப்பதிவு குறைவதில் வீட்டின் பங்கு பெரியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால், மருத்துவக் காரணம் போன்றவற்றுக்குச் சான்று காட்டி விலக்குக் கேட்கலாம். 65-க்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும்.

25 விழுக்காடு லீவு இருக்கிறதே என்று பையன் சொல்வான். வகுப்பு நடக்கும் நாட்கள் 75 என்று வைத்துக்கொள்வோம், அதில் கால் பங்கு ஏறக்குறைய 18 நாள். வெள்ளிக்கிழமை மதியம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பி, திங்கட்கிழமை மதியம் வந்து சேரும் பையன் வாரத்துக்கு ஒரு நாளை இழக்கிறான். 15 வாரத்தில் 15 நாள் போயிற்று. மிச்சம் 3 நாள். ஒரு காய்ச்சலுக்குக்கூட அது போதாது.

இதற்கு மேல் நம் வீட்டு விசேஷங்கள். ஆடியில் குலதெய்வக் கோயில், ஆவணியில் முகூர்த்தம், அத்தை வீட்டுக் காதுகுத்து. 'அண்ணன் வராமல் எப்படி?' என்று பாட்டி கேட்பார். நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால் வரட்டும், மற்றதற்கு வேண்டாம் என்று சேரும் மாதத்திலேயே உறவினரிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கெட்ட பெயரை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். மாதக் கடைசியில் வருகை விழுக்காட்டைப் பிள்ளையே சொல்லட்டும். கல்லூரிச் செயலியில் அவர்களுக்குத் தெரியும். சில தன்னாட்சிக் கல்லூரிகள் பாடவாரியாகக் கணக்கெடுக்கும், விதிமுறையும் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் வேறுபடும். ஆகவே சேர்ந்த ஆண்டுக்கு எந்த 'ரெகுலேஷன்' பொருந்தும் என்று ஆலோசகரிடம் கேட்டு, வருகை, தேர்ச்சி பற்றிய இரண்டு பக்கங்களைப் பிள்ளையை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் படித்து விளக்கும்போது அவர்களுக்கே முதன்முதலாகப் புரியும்.

தமிழ்வழியிலிருந்து வந்த பிள்ளை

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆனாலும் பெரும்பாலான பொறியியல் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழ்வழியில் படித்துக் கணக்கில் 95 வாங்கிய பெண், முதல் வாரத்தில் 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைக் கேட்டுப் புரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். பலகையில் எழுதியதைப் பார்த்ததும் அது அணிகள் பாடம் என்று தெரிகிறது. பாடம் தெரியும், பெயர்தான் புதிது. இந்த இடைவெளியைத் தனக்கு அறிவு குறைவு என்று அவள் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இங்கே செய்ய நிறைய இருக்கிறது. பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ்வழிப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே பாடங்களின் ஆங்கிலவழிப் புத்தகங்களையும் வாங்கிக் கொடுங்கள். மாநிலப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பாடத்திலும் வரும் கலைச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள். முதல் செமஸ்டரின் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் பெருமளவு பிளஸ் டூவின் தொடர்ச்சிதான், அதனால் ஒரு மாதத்தில் சொற்கள் பிடிபட்டுவிடும். வெளியே 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்புக்குப் பணம் கட்ட அவசரப்பட வேண்டாம். வகுப்பில் கேள்வியைத் தமிழில் கேட்கலாம் என்ற தைரியம்தான் முதலில் வேண்டும், அதை வீட்டில் நீங்கள்தான் கொடுக்க முடியும்.

நிரலாக்கம் வேறு கதை. பைத்தான் எல்லோருக்கும் ஏறக்குறைய புதிது, ஆனால் வீட்டில் கணினி இருக்கும் பிள்ளை முந்திக்கொள்ளும். லேப்டாப் வாங்க வசதியில்லை என்றால் கல்லூரி ஆய்வகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள்.

முதல் உள்தேர்வு

செப்டம்பர் அல்லது அக்டோபரில் முதல் மதிப்பெண் வரும். பிளஸ் டூவில் 90-க்கு மேலே வாங்கிய பிள்ளை 45 வாங்கியிருக்கும். வீட்டில் இடி விழும். 'ஃபோனைப் பிடுங்கு' என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் பெரியப்பா.

பள்ளியில் ஓராண்டு முழுக்கத் திருப்புதல் தேர்வு எழுதி எழுதிப் பழகிய பாடத்துக்கு வாங்கிய மதிப்பெண் அது. இது ஆறே வாரத்தில், அறிமுகமில்லாத கேள்வித்தாளில் வாங்கியது. ஆகவே எண்ணைப் பார்க்காமல் விடைத்தாளைப் பாருங்கள். எழுதாமல் விட்ட கேள்வி எத்தனை, எழுதித் தப்பானது எத்தனை? விட்டது அதிகம் என்றால் நேரமோ மொழியோ சிக்கல். எழுதித் தப்பானது என்றால் பாடம் புரியவில்லை. அந்தப் பாட ஆசிரியரைப் பார்க்க வேண்டும். பார்க்கப் போக வேண்டியது பிள்ளை.

இந்த மதிப்பெண் வீணாகப் போவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 'ரெகுலேஷனில்' எழுத்துத் தாளுக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60 என்ற பங்கீடு வந்தது. செமஸ்டர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பவன் நூற்றில் நாற்பதை முன்கூட்டியே கோட்டைவிடுகிறான்.

ஆலோசகரோடு பேசுவது

கல்லூரி கூப்பிடும்வரை காத்திருக்காதீர்கள். கல்லூரி கூப்பிட்டால் அது புகாராகத்தான் இருக்கும். முதல் உள்தேர்வு முடிந்ததும் நீங்களே ஒரு தடவை பேசுங்கள், பேசப்போவதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு. தனக்குத் தெரியாமல் அப்பா ஆசிரியரிடம் பேசினார் என்று தெரிந்தால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ரோசம் வரும், அது நியாயமும்கூட.

வகுப்பு நேரத்தில் வேண்டாம், மாலை நான்கரைக்கு மேல் அழையுங்கள். 'ஐயா, நான் இன்னாருடைய அப்பா. புகார் ஒன்றுமில்லை, எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்' என்று தொடங்கினால் எங்கள் பக்கத்தில் பாதி இறுக்கம் போய்விடும். அடுத்து 'நன்றாகப் படிக்கிறானா?' என்று கேட்டால் 'பரவாயில்லை, இன்னும் முயற்சி செய்யலாம்' என்ற பதில்தான் கிடைக்கும், அறுபது பேருக்கும் அதே பதில்தான். 'எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான்? வகுப்பில் யாரோடு உட்காருகிறான்? நாங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?' என்று கேளுங்கள். அப்போது ஆசிரியர் உங்கள் பையனை நினைத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. வலிப்பு, ஆஸ்துமா, வீட்டில் அண்மையில் ஒரு சாவு, அப்பாவுக்கு வேலை போனது போன்றவற்றை மறைக்காதீர்கள். கட்டணத்தை இரண்டு தவணையாகப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்பதில் வெட்கமும் வேண்டாம். கடைசித் தேதிக்கு முன்னால் கேட்டால் பல கல்லூரிகளில் கிடைக்கும்.

ராகிங்

சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைப் படிக்காமலே பலர் கையெழுத்திடுகிறார்கள். அது சும்மா வந்த காகிதமல்ல. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்த நாவரசு, ராகிங் செய்த சீனியர் ஒருவரால் கொலைசெய்யப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அதையடுத்து 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது, இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் 2009-இல் வந்தன. இருபத்துநான்கு மணி நேர உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் கைபேசியில் இதைப் பதிந்து கொடுங்கள். சீனியர் அறைக்குக் கூப்பிட்டான், பாடச் சொன்னான் என்று பிள்ளை சொன்னால், 'எங்கள் காலத்தில் இதெல்லாம் சகஜம்' என்று சிரிக்காதீர்கள். அன்றே காப்பாளரிடம் பேசி, எழுத்திலும் கொடுங்கள்.

மனம் சோர்ந்தால்

சில அறிகுறிகளைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். தினமும் பேசிய பிள்ளை ஃபோன் எடுப்பதைக் குறைத்துவிட்டது. மாதா மாதம் வந்த பையன் விடுமுறைக்கும் ஊருக்கு வர மறுக்கிறான். பகல் முழுதும் தூக்கம், 'எதற்கும் லாயக்கில்லை' என்ற பேச்சு, பொருட்களை நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது. கடைசியாகச் சொன்னது தற்கொலை எண்ணத்தின் அறிகுறியாக இருக்கலாம்; அது தெரிந்தால் அன்றிரவே கிளம்புங்கள், அதற்குள் காப்பாளரை அறைக்கு அனுப்பி யாராவது கூடவே இருக்கச் செய்யுங்கள்.

மற்றவற்றுக்கு, ஒரு வாரநாளில் நேரில் போங்கள். அறிவுரைப் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டு, மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் ஒரு மணி நேரம் இருங்கள். சொல்ல வேண்டியதைப் பிள்ளை சொல்லும், இல்லையென்றால் அடுத்த வாரம் சொல்லும். தேவைப்பட்டால் கல்லூரியில் உளவியல் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மத்திய அரசின் 'டெலி-மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். பெற்றோரும் அழைத்து, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று கேட்கலாம். பேய்க்குப் பார்ப்பதும் கயிறு கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. ஆனால் மருத்துவரிடம் போவதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் செமஸ்டர் முடிவு

அரியர் விழலாம். முதல் செமஸ்டரில், குறிப்பாகக் கணிதத்தில், ஒரு அரியர் என்பது எல்லா வகுப்பிலும் பலருக்கு நடப்பதுதான். தோற்றாலும் மேலே படித்துக்கொண்டே அந்தத் தாளை மறுபடி எழுதலாம், ஆண்டு வீணாகாது. பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணை விசாரிக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் வேறு இருக்கின்றன. தேர்வு நன்றாக எழுதியதாகப் பிள்ளை உறுதியாகச் சொன்னால், விடைத்தாள் நகலுக்கு முதலில் விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். முடிவு வந்த சில நாட்களிலேயே இதற்கான கெடு முடிந்துவிடும், கெடு தவறினால் யாரிடம் கெஞ்சியும் பயனில்லை. இல்லையென்றால் அடுத்த தேர்வுக்கு அந்தத் தாளையும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கத்தில் அரியர் கட்டணம் கேட்காமல் விட்டு, இறுதியாண்டில் நான்கு தாளோடு வந்து நிற்கும் பையன்கள் உண்டு. கேட்காமலே அந்தக் கட்டணத்தைக் கொடுத்துவிடுங்கள்.